எடுத்தாண்டோர் எத்தனை பேர்?

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் வானநூல் பற்றி எழுதப் புகுவது வாசக நேயர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எனக்கும் அது வியப்பே. பிராசீன பாடசாலையில் யான் கற்றவை இலக்கணமும் இலக்கியமும் சிறிதளவு வடமொழியுமே. விண்மீன்களுள் யான் அறிந்தவை இருபத்தேழு நாண்மீன்களும், திருமணத்திற் காட்டப்பெறும் அருந்ததியும், தோணிக்காரர் திசை தெரிந்த வடமீனும் அன்றி வேறில்லை. ஆயினும், சென்ற மாசி மாதத்தில் மல்லாவியில் எம் வீட்டு விறாந்தையில் நிகழ்ந்த உரையாடல் ஒன்று என்னை இத்துறைக்குள் இழுத்துவிட்டது.

வந்தவர் என் பழைய மாணவர். இன்று ஒரு பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் கற்பிக்கும் விரிவுரையாளர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட பெருந்திரளிற் சிறுவனாக நடந்து, பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பிற்பகலிலே பாடசாலை நடந்த காலம் அது. மின்விளக்கு நினைவில் மட்டும் எரிந்தது. ஜாம் போத்தல் விளக்கையும் எண்ணெய்ச் சிக்கனம் கருதி அணைத்துவிட்டால், எங்கள் முற்றத்துக்கு மேலே இருந்த வானத்தைப் போன்ற வானம் வேறெங்கும் இருந்திருக்குமோ என்பது ஐயம். பிள்ளைகளை இருத்தி, "இது உரோகிணி, அது திருவாதிரை" என்று காட்டுவேன். நாண்மீன்களின் பெயர் நிகண்டிற் கிடப்பதிலும் கண்ணிற் கிடப்பது நன்று என்பது என் எண்ணம். வானத்தை நிமிர்ந்து நோக்குவதற்கு அந்நாட்களில் வேறொரு காரணமும் இருந்தது. அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

அந்தச் சிறுவர்தாம் உரோகிணியை விடாமற் பற்றிக்கொண்டு, பௌதிகம் பயின்று, அண்மையிலுள்ள விண்மீன்கள் சிலவற்றின் ஒளியை ஆராய்ந்து நான்கு கட்டுரைகள் எழுதியவர். அன்று மாலை அவர் கையிற் பதவி உயர்வுக்கான படிவம் ஒன்று இருந்தது. சட்டைப்பையிலே பிறநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்த அழைப்பும் இருந்தது. படிவத்தில் ஒரு கட்டம்: உமது கட்டுரைகளைப் பிறர் எத்தனை தடவை எடுத்தாண்டுள்ளனர்?

"பதினொரு தரம், ஐயா," என்றார். "அதிலும் மூன்று நானே என்னை எடுத்தாண்டது. இதற்குத்தானா இத்தனை வருடம்?"

அவர் சிரித்தார். யான் சிரிக்கவில்லை. எடுத்தாளுதல் என்பது என் துறை. அதனைப் பற்றி ஒருவர் எளிமையாகப் பேச விடமாட்டேன்.

தமிழிலே மேற்கோள் என்பது அணிகலன் அன்று. பல இடங்களில் அதுவே உயிர். தகடூர் யாத்திரை என்னும் நூல் இன்று முழுமையாக இல்லை. உரையாசிரியர் எடுத்துக்காட்டியும் தொகுப்பாசிரியர் தொகுத்தும் வைத்த செய்யுள்கள் மாத்திரம் எஞ்சின. வளையாபதியும் குண்டலகேசியும் அங்ஙனமே. யாப்பருங்கல விருத்தியுரைகாரர் எடுத்துக்காட்டாதிருந்தால் பெயர்கூடத் தெரியாமற் போயிருக்கும் நூல்கள் பல. அடியார்க்கு நல்லார் சிலப்பதிகாரத்துக்கு உரை வகுக்கும்போது, தம் காலத்தில் இருந்தனவும் இறந்தனவுமாகிய இசைநூல், நாடகநூல்களின் பெயரைச் சொல்லிச் செல்கின்றார். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில், உரையில் வந்த பிற நூல்களைத் தேடித் தொகுத்து அட்டவணையாக்கித் தந்தார். மேல்நாட்டார் அறிவியலில் 1964 ஆம் ஆண்டிற் செய்ததும் ஏறத்தாழ அதுவே. யூஜீன் காபீல்ட் என்னும் அமெரிக்கர், எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை எடுத்தாள்கின்றது என்பதனை வரிசைப்படுத்திப் பேரட்டவணை ஒன்றை வெளியிட்டார். நூல் தேடுவார்க்கு உதவும் கருவி அது. கருவி பின்னர் தராசாயிற்று. ஒரு கட்டுரையைத் தேடுதற்குச் செய்த பட்டியலைக் கொண்டு, அதனை எழுதியவரை நிறுக்கத் தொடங்கினர்.

2005 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் அந்த நிறுவையை இன்னும் சுருக்கினார். ஒருவர் எழுதியவற்றுட் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்துத் தடவையேனும் எடுத்தாளப்பட்டிருப்பின் அவர் எண் பத்து. இருபது கட்டுரைகள் இருபது தடவையேனும் ஆயின் இருபது. என் மாணவர் இதனை விளக்கியதும் யான் கேட்டேன்: "அப்படியானால் தொல்காப்பியரின் எண் என்ன, தம்பி?" அவர் சிறிது எண்ணிப் பார்த்து, "ஒன்று, ஐயா," என்றார். ஒரே நூல் செய்த வள்ளுவர்க்கும் ஒன்றே. உலகம் முழுதும் திரண்டு நின்று எடுத்தாண்டாலும் ஒன்று ஒன்றுதான். தலத்துக்கொரு புராணமும் ஊருக்கொரு அந்தாதியும் பாடிக் குவித்துத் தம் மாணாக்கரைக் கொண்டு எடுத்தாளவும் செய்த பிற்காலப் புலவர் பலர் வள்ளுவரை எளிதில் வென்றுவிடுவர். இவ்விடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

அதன் பின்னரே அவர் வைணு பாப்புவைப் பற்றிப் பேசினார். அன்றிரவு அவர் சொன்னவற்றையும், பிறகு யான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகின்றேன்.

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927 ஓகஸ்ட் 10 இற் சென்னையிற் பிறந்தவர். குடும்பம் மலையாள நாட்டுத் தலச்சேரியைச் சேர்ந்தது. தந்தையார் ஐதராபாத்து நிசாமியா வான் ஆய்வகத்திற் பணியாற்றினார். ஆகவே பிள்ளை தொலைகாட்டியின் நிழலில் வளர்ந்தது எனலாம். 1949 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். சென்ற சில மாதங்களுள், யூலை 2 இல் எடுத்த ஒளிப்படத் தட்டு ஒன்றில் அதுவரை அறியப்படாத வால்மீன் ஒன்றைக் கண்டார். அது இன்றும் பாப்பு – பொக் – நியூகேக் என மூவர் பெயரால் வழங்குகின்றது. 1952 இற் கலாநிதிப் பட்டம் பெற்று, கார்னகி நிறுவனத்தின் ஆய்வுதவியோடு கலிபோர்ணியாவுக்குச் சென்றார். அங்கேதான் ஒலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த வேலை நடந்தது.

அவ்வேலை இன்னதென விளங்குவதற்கு, விண்மீன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அறிவது ஏன் கடினம் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இரவிலே வயல்வெளியில் நின்று தூரத்தில் ஒரு விளக்கைக் காண்கின்றோம். அது பக்கத்து வளவிலே எரியும் போத்தல் விளக்கா, வவுனிக்குளத்து அணைக்கட்டில் எரியும் பெற்றோமாக்ஸா? விளக்கின் இனம் தெரிந்தாலன்றித் தொலைவு தெரியாது. தொலைவு தெரிந்தாலன்றி இனம் தெரியாது. விண்மீன் விடயத்தில் இம்முடிச்சு முதன்முதல் அவிழ்ந்தது 1838 இல். பெஸல் என்னும் ஜேர்மனியர், புவி கதிரவனைச் சுற்றும்போது ஒரு மீன் சிறிதே இடம்பெயர்வதாகத் தோன்றுவதை அளந்து, அன்னப்புள் மண்டலத்து மீன் ஒன்று பத்து ஒளியாண்டுக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலுள்ளது எனக் கணித்தார். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் விரலைப் பார்க்க, பின்பு கண்ணை மாற்றிப் பார்க்க, விரல் அசைவதாகத் தோன்றுமே, அஃது இது. இடமாறு தோற்றம் என்று பாடநூல்கள் கூறும். இம்முறை அண்மை மீன்களுக்கே பொருந்தும். நிலத்தில் நின்று அளக்கையில், சில பத்து ஒளியாண்டுகளுக்கு அப்பால் இதன்மேல் நம்பிக்கை தளர்ந்துவிடும்.

வில்சனும் பாப்புவும் கண்டது வேறொரு வழி. விண்மீனின் ஒளியைப் பகுத்தால் நிறமாலை கிடைக்கும். எங்கள் உயர்தர மாணவர் திருசியம் என்று படித்தது இதனையே. கதிரவனைப் போன்றனவும் அதனிலும் குளிர்ந்து சிவந்தனவுமாகிய மீன்களின் நிறமாலையில், ஊதாப் பக்கத்தில், கல்சியத்தால் உண்டாகும் அகன்ற கருங்கோடுகள் இரண்டு உள்ளன. பிரௌன்கோபர் வழிவந்த எழுத்து முறைப்படி அவற்றுக்கு எச், கே என்று பெயர். அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று எழுந்து நிற்கும். உழுது சேறாக்கிய வயலின் நடுவே வரம்பு ஓடுவதுபோல என்க. மீனின் மேற்பரப்புக்கு மேலுள்ள சூடான வளிமண்டலத்திலிருந்து வரும் ஒளி அது.

இவ்வரம்பு இருப்பதை முன்னரே அறிந்திருந்தனர். அதன் அகலத்தை 185 மீன்களில் அளந்து பார்த்ததே இவ்விருவரின் வேலை. கண்டது என்ன? வரம்பு அகன்றிருக்கும் மீன் இயல்பாகவே பேரொளி உடையது. குறுகியிருக்கும் மீன் சிற்றொளி உடையது. அகலம் இருமடங்காயின் ஒளிர்வு ஏறத்தாழ அறுபது மடங்கு. மிக மங்கிய குள்ளமீன் தொடங்கி மிகப் பெரிய அரக்கமீன் ஈறாக, ஒளிர்விற் பத்து இலட்சம் மடங்கு வேறுபாடுடைய மீன்கள் அனைத்தும் இந்த ஒரே விதிக்கு அடங்கி நின்றன. வரம்பு எவ்வளவு பிரகாசமாக உள்ளது என்பது பொருட்டன்று. மீன் மஞ்சளா சிவப்பா என்பதும் பொருட்டன்று. அகலம் ஒன்றே போதும். வரம்பை அளந்தால் விளக்கின் இனம் தெரியும். இனம் தெரிந்தால் தொலைவு தெரியும்.

என் மாணவர் இதனைச் சொல்லும்போது மேற்கே உரோகிணி செம்மையாக நின்றது. "அதிலேயும் அந்த வரம்பு இருக்குது, ஐயா," என்றார். முப்பது ஆண்டாக யான் பிள்ளைகளுக்குக் காட்டிவரும் மீன். அது ஏறத்தாழ 65 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. எங்கள் சோதி, அதாவது சுவாதி, 37 ஒளியாண்டு. உரோகிணியைச் சூழ்ந்து காணப்படும் சிறுமீன் கூட்டம் அதனிலும் இருமடங்குக்கு மேற்பட்ட தொலைவில் அதன் பின்னே கிடக்கின்றது. வில்சன் தம் விதிக்கு அளவுகோலாகக் கதிரவனையும் அக்கூட்டத்துச் சிவந்த மீன்கள் சிலவற்றையும் கொண்டார். சோதிட நூலார் உரோகிணி என ஒன்றாகக் கண்ட இடத்தில் இத்தனை ஆழம் இருந்ததை எண்ணி வெகுநேரம் பேசாதிருந்தேன்.

இக்கட்டுரை அமெரிக்க வானியற் பௌதிக ஏட்டில் 1957 இல் அச்சேறியது. அதன்பின் அதற்கு நேர்ந்தவற்றையே யான் சிறப்பாகக் கவனித்தேன். ஏனெனில் அது தமிழ் நூல்களுக்கு நேர்ந்ததைப் பெரிதும் ஒத்திருக்கின்றது.

நன்னூலார் நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவர். 1957 ஆம் ஆண்டுக் கட்டுரை முதனூலாயிற்று. அதன் விதியைத் திருத்தியும் நுணுக்கியும் வழிநூல்கள் எழுந்தன. விதி உண்மை, ஆனால் ஏன் உண்மை என்ற கேள்வி நெடுநாள் நின்றது. 1971 இற் பாப்புவும் கே. ஆர். சிவராமனும், கதிரவன் முகத்தில் அந்த ஒளிக்கோட்டைத் தருபவை எந்த நுண்புள்ளிகள் என்று ஆராய்ந்து எழுதினர். கோடைக்கானலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கல்சிய ஒளியிற் கதிரவனை நாள்தோறும் படமெடுத்து வந்த மரபு அதற்குப் பின்புலமாயிற்று. 1979 இல் தோமஸ் அயர்ஸ் என்பவர், மீனின் மேற்பரப்பிலுள்ள ஈர்ப்பு வலிமையோடு அகலத்தைத் தொடர்புபடுத்தி விளக்கினார். பின்னர், 1989 இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட மீன்களின் இடமாறு தோற்றத்தை வானிலிருந்தே அளந்தது. அவ்வளவைக் கொண்டு 2003 இல் ஐரோப்பியர் மூவர் அண்மை மீன்கள் 119 இல் இவ்விதியை மீண்டும் சோதித்தனர். விதி நின்றது, அதன் எண்கள் சிறிது மாறின. அயர்ஸ் கட்டுரைக்கும் இம்மூவர் கட்டுரைக்கும் தலைப்பிலேயே வில்சன், பாப்பு என்னும் பெயர்கள் உள்ளன. நாற்பத்தாறு ஆண்டுகட்குப் பின்னும் தலைப்பில் நிற்கும் பெயருக்கு என்ன எண் இடுவது?

இதிலே ஒரு நுட்பம் உண்டு. பெயர் விதியாகிவிட்டால் எழுதுவோர் மூலக்கட்டுரையைச் சுட்டுவதையே விட்டுவிடுகின்றனர். வில்சன் – பாப்பு விளைவு என்று சொல்லிவிட்டு மேலே செல்வர், அடிக்குறிப்பு இல்லை, ஆகவே கணக்கிலும் ஏறுவதில்லை. நியூற்றனின் நூலை இன்று எவர் அடிக்குறிப்பிட்டு எடுத்தாள்கின்றார்? சமூகவியலார் ரொபேட் மேர்ட்டன் இந்நிலையை எடுத்து ஆராய்ந்திருக்கின்றார். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் தமக்கு முன்னோர் கண்டவற்றைச் சொல்லுமிடந்தோறும் 'என்ப' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றார். அந்த 'என்ப' என்பதனுள் எத்தனை பேர், எத்தனை நூல்! எண்ணிக்கையில் அவர்கள் சுழியம். அவர்கள் இன்றித் தொல்காப்பியம் இல்லை.

மறுதலையும் உண்டு. உரையாசிரியர் ஒருவரை எடுத்தாள்வது பாராட்டுதற்கு மட்டும் அன்று. 'என்பாரும் உளர்' என்று சொல்லி, அடுத்த வரியிற் 'அது பொருந்தாது' என்று மறுப்பதற்கும் எடுத்தாள்வர். வானநூலில் இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கின்றது. 1855 இற் சென்னை வான் ஆய்வகத்துக்குத் தலைவராயிருந்த கப்டன் ஜேக்கப், எழுபதாம் எண் பாம்பாட்டி மீன் என்னும் அண்மை இரட்டை மீனை அளந்து, அதனைக் கோள் ஒன்று சுற்றுவதுபோல் தோன்றுகின்றது என எழுதினார். அம்மீன் நமக்குப் பதினாறு, பதினேழு ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. ஜேக்கப் சொன்ன கோள் அங்கில்லை. ஆயினும் பிற மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றி வரலாறு எழுதுவோர் முதலில் அவரையே எடுத்தாள்கின்றனர். எண்ணும் கருவிக்கு 'உளர்' என்பதும் 'பொருந்தாது' என்பதும் ஒன்றே.

அதே ஆய்வகத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1867 இல் ஒளி கூடிக் குறையும் மீன் ஒன்றைக் கண்டவர். 1874 இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்கள் விளங்கிக்கொள்ளுமாறு இந்திய மொழிகளிலும் விளக்கம் வெளியிடச் செய்தார். தாய்மொழியில் விளக்கிச் சொன்னமைக்கு எந்த அட்டவணையும் எண் தருவதில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் இதனைச் சற்றுக் கசப்போடுதான் எழுதுகின்றேன்.

பாப்புவிடம் திரும்புவோம். 1957 இற் கட்டுரை வெளிவந்தபோது அவர் அமெரிக்காவில் இல்லை. 1953 இலேயே தாய்நாடு திரும்பிவிட்டார். உலகத்திலேயே மிகப் பெரிய தொலைகாட்டிகள் இருந்த மலைகளை விட்டு அவர் வந்தடைந்தது எதற்கு? 1954 இற் காசியிலே தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு நைனிதாலுக்கு மாற்றப்பட்ட ஒரு மாநில ஆய்வகத்தைக் கட்டி எழுப்புவதற்கு. 1960 இல், முப்பத்து மூன்று வயது நிரம்புமுன், கோடைக்கானல் ஆய்வகத்தின் தலைவரானார். கோடைக்கானல் கதிரவனுக்கு நல்ல இடம். இரவு மீன்களுக்கு முகில் இடையூறு. ஆகவே வேறிடம் தேடினார். தேடிக் கண்ட இடம் தமிழ்நாட்டு ஜவ்வாது மலைத் தொடரில், வாணியம்பாடிக்கு அப்பால், கடல்மட்டத்துக்கு 725 மீற்றர் உயரத்திலுள்ள காவலூர்.

காவலூர் என்றதும் எங்கள் நாட்டார் ஊர்காவற்றுறையையே நினைப்பர். அவ்வூர் எழுத்தாளர் தம் பெயருக்கு முன் காவலூர் என்று இட்டுக்கொள்வது வழக்கம். யானும் முதலில் அங்ஙனமே மயங்கி, "கடற்கரையிலா தொலைகாட்டி வைத்தார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அது வேறு காவலூர். சந்தன மரக் காடுகளிடையே உள்ள மலைக்காவலூர்.

1968 இல் அங்கே முதலில் நிறுவப்பெற்றது, தம் பட்டறையிலேயே செய்த 38 சதமமீற்றர்த் தொலைகாட்டி. ஹாவாட்டிலும் கலிபோர்ணியாவிலும் பழகிய கைக்கு அது விளையாட்டுப் பொருள் போன்றது. 1972 இல் ஜேர்மனியின் யேனா நகரத்துச் சைஸ் நிறுவனத்தார் செய்த ஒரு மீற்றர்த் தொலைகாட்டி வந்தது. 1977 மார்ச் 10 இரவு யுரேனசுக் கோள் ஒரு மீனை மறைத்தபோது, அத்தொலைகாட்டியிற் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் கண்காணித்தனர். கோள் மறைப்பதற்கு முன்னரே மீனின் ஒளி சிறிது மங்கி மீண்டது. புதிய துணைக்கோள் என்று கருதி அவ்விருவரும் இலண்டன் ஏட்டுக்கு எழுதினர். அது வளையம் என்பது, பிற இடங்களிலிருந்து கண்டோரின் அளவுகளோடு ஒப்பிட்டபோது தெளிவாயிற்று. அந்த முதற் குறிப்பிற் பாப்புவின் பெயர் இல்லை. காட்டை வெட்டி, சாலை இட்டு, மின்சாரம் கொண்டுவந்து, கண்ணாடியை மலையேற்றி வைத்தவர்க்குக் கண்டவர் பட்டியலில் இடமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. கண்டவர் அவ்விருவரே. ஆயினும் அந்த இரவுக்குரிய கணக்கிற் பாப்புவுக்கு எவ்வளவு? கட்டத்தை நிரப்புவோர் யாராவது சொல்லட்டும்.

இங்கே யான் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாப்பு காவலூரிலும் ஆராய்ச்சியை விட்டவர் அல்லர், தொடர்ந்து எழுதினார். ஆனால், தொலைகாட்டி கட்டிய ஆண்டுகளிற் கட்டிடக்காரனோடும் கணக்கனோடும் அமைச்சக அலுவலரோடும் செலவழித்த நாட்களை அமெரிக்க மலையிற் செலவழித்திருந்தால், 1957 ஐப் போல இன்னும் இரண்டு மூன்று கட்டுரைகள் பிறந்திருக்கும் என்று என் மாணவர் சொல்கின்றார். இருக்கலாம். இழப்பு இல்லை என்று யான் சொல்லமாட்டேன். நாட்டுக்கு வந்தவர் எல்லாம் வென்றார் என்பதும் பொய். வந்து, மேசையும் தூசியும் தவிர ஒன்றும் கிடையாது வாடியவரும் உளர். பாப்புவுக்கு அரசின் துணையும் நல்ல உதவியாளரும் வாய்த்தனர். வாய்க்காதவரைப் பற்றி எவரும் கட்டுரை எழுதுவதில்லை.

1971 இல் இந்திய வானியற் பௌதிக நிறுவனம் தனி நிறுவனமாயிற்று. அதன் முதல் தலைவர் அவரே. 1979 இல் உலக வானியலாளர் ஒன்றியத்துக்குத் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். காவலூருக்கு 2.34 மீற்றர்த் தொலைகாட்டி ஒன்றை, கண்ணாடி தேய்ப்பது முதல் எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே செய்து நிறுவ முனைந்தார். அது நிறைவேறுமுன், 1982 ஓகஸ்ட் 19 இல், ஜேர்மனியின் மியூனிக் நகரில் இதய சிகிச்சைக்குப் பின் காலமானார். அவர் தலைமை தாங்கவேண்டிய ஒன்றியத்தின் பேரவை கிரேக்க நாட்டிலே அப்பொழுது கூடியிருந்தது. வயது ஐம்பத்தைந்து. அந்தத் தொலைகாட்டி 1986 சனவரி 6 இல் திறக்கப்பெற்று அவர் பெயரைப் பெற்றது.

இன்று மீன்களின் தொலைவை அறிய வரம்பை அளப்போர் அரியர். 2013 இல் ஏவப்பட்ட கையா என்னும் செயற்கைக்கோள் நூறு கோடிக்கு மேற்பட்ட மீன்களை அளந்து தந்துவிட்டது. பயன் தீர்ந்தது என்றால் கட்டுரை இறந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார் மாணவர். அண்மை மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவோர் இன்று அதே கல்சியக் கோட்டையே முதலிற் பார்க்கின்றனராம். மீனின் கொந்தளிப்புக் கோளின் குறியைப்போல நடித்து ஏமாற்றும். கொந்தளிப்பை அறிவிப்பது அந்த ஒளிவரம்பின் வலிமை. 1966 முதல் வில்சன் கதிரவனைப்போன்ற மீன்களில் அதனை ஆண்டுக்கணக்கிற் கண்காணித்த பணி இத்தேடலுக்கு அடித்தளம். வாய்க்கால் ஒன்று தூர்ந்தால் நீர் வேறு வாய்க்காலாற் பாய்கின்றது.

இரவு பத்து மணிக்கு மேலாயிற்று. உரோகிணி பனைமரத்து வட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவர் படிவத்தை மீண்டும் எடுத்து மடியில் வைத்தார். அழைப்புக் கடிதத்தைப் பற்றி யான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. போகின்றாரோ நிற்கின்றாரோ, அது அவர் குடும்பமும் அவரும் முடிவு செய்யவேண்டியது. பாப்புவின் கதையைக் காட்டி ஒருவரை ஊரிலே கட்டிவைக்க எனக்கு உரிமை இல்லை. என் சொந்தப் பிள்ளைகளுள் ஒருவர் கடல் கடந்து இருக்கின்றார்.

எழுதுகோல் கேட்டார். கொடுத்தேன். கட்டத்திற் பதினொன்று என்று எழுதினார். அதன் கீழே 'பிற பணிகள்' என்றொரு நீண்ட வெற்றிடம். அதனை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனார்.

"நில்லும் தம்பி. லீவிலே வரும்போதெல்லாம் அந்தச் சின்னத் தொலைகாட்டியைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வியாழனையும் சனியையும் காட்டுகிறீரே, அதை எழுதும்."

"அதற்குப் புள்ளி இல்லை, ஐயா."

"எழுதும்."

எழுதினார்.